உடைத்தவனே வந்து கழுவட்டும்

மகன், இந்தக் கடிதத்தை நீயாக வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தமிழில் உனக்கு வாசிக்க வருவது உன் பெயரும், கோயில் வாசலில் செருப்பை எங்கே கழற்றவேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிற பலகையும்தான். ஆகவே அம்மா உன்னைக் குசினி மேசையில் இருத்தி வைத்து வாசித்துச் சொல்லப் போகிறா. இடையிடையே சில வரிகளை விழுங்கவும் போகிறா. முகத்தைச் சுளித்துக்கொண்டு அவசரமாகத் தாளைத் திருப்பினா என்றால், அந்த இடத்தில் நான் ஏதோ நல்லதாக எழுதியிருக்கிறேன் என்று விளங்கிக்கொண்டு திரும்ப வாசிக்கச் சொல்லு. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம்தான். ஆங்கிலத்தில் எழுதினால் நீ கட்டப்போகிற ஹெலன் வாசிப்பாள். ஹெலன் வாசித்தால் அவளுடைய அண்ணன் மார்ட்டினுக்குச் சொல்லிவிடுவாள். மார்ட்டினுக்கு நான் வைத்திருப்பது கலியாண ஹோல் வாசலில்தான் தெரியவேண்டும். கலியாணம் முடிந்த பிறகு இதையே எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வருஷா வருஷம் அதில் நான் எழுதுகிற சிரிப்புக் கட்டுரைக்கு யாரும் சிரிப்பதில்லை. இதற்காவது இரண்டு பேர் கோபிக்கட்டும்.

விஷயத்துக்கு வாறன். போன ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் நீ என்ன கேட்டாய்? "அப்பா, கலியாணத்தில அந்தக் கால் கழுவுற பார்ட்டை மட்டும் விடுவமே? ப்ளீஸ்." தாலியை விடுவோமா என்று கேட்டிருந்தால்கூட ஐயரோடு கதைத்துப் பார்த்திருப்பேன். இதை விட ஏலாது மகன். மாப்பிள்ளை ஹோல் வாசலில் வந்து நிற்க, பொம்பிளையின் சகோதரன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, காலைக் கழுவி, உள்ளே கூட்டிக்கொண்டு போவான். அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவான். இது எங்கள் வழக்கம். ஹெலனுக்கு இருப்பது ஒரேயொரு சகோதரன், அது மார்ட்டின். அந்த மார்ட்டின்தான் உன் வலது கணுக்காலை உடைத்து, நீ ஐஸ் ஹொக்கி விளையாடியதை அத்தோடு முடித்துவைத்தவன். இப்படி ஒரு பொருத்தத்தை எந்தச் சாத்திரியாராலும் பார்த்துத் தந்திருக்க முடியாது. முருகனாகப் பார்த்துக் கொண்டுவந்து கையில் தந்ததை நான் விடுவேனா?

"அவன் வெட்கப்படுவான் அப்பா. அவன்ர ஆக்களெல்லாம் பாத்துக்கொண்டு நிப்பினம்" என்றாய். "அதுதானே மகன் வேணும்" என்றேன். அதன் பிறகு நீ கதைக்கவில்லை. உன் மூச்சு மட்டும் கேட்டது. மூக்கும் ஒருமுறை உடைந்ததால் உன் மூச்சில் ஒரு விசில் இருக்கிறது, ரெலிபோனில் நன்றாகக் கேட்கும். சம்மதித்துவிட்டாய் என்று நினைத்து நான் வைத்துவிட்டேன். உன் மௌனத்துக்கு வேறு காரணம் இருந்தது என்பது இந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வாறன். முதலில் ஆரம்பத்திலிருந்து சொல்லவிடு. பழிவாங்குகிறவனுக்கு ஞாபகம் ஒழுங்காக இருக்கவேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் லண்டனில் உன் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி ஐஸ் றிங்குக்குக் கொண்டுபோனார்கள். அம்மா உனக்கு ஸ்வெற்றருக்கு மேல் ஸ்வெற்றர் போட்டு, காதை மூடித் தொப்பி கட்டி, சண்டைக்கு அனுப்புகிறமாதிரி அனுப்பினா. பின்பக்கம் முழுக்க நனைந்து திரும்பி வந்த நீ, "நான் பின்னுக்கு ஓடுவன்" என்று சொன்னாய். மற்றப் பிள்ளைகள் முன்னுக்குப் போகவே விழுந்தெழும்பிக்கொண்டிருக்க, நீ என்ன பயத்திலோ சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே அந்த வட்டம் முழுக்கச் சுற்றினாயாம். அதைப் பார்த்த ஒரு மனுசன், "இந்தப் பெடியனை விடாதேங்கோ, இவன் டிஃபென்ஸுக்கு வருவான்" என்று வாத்தியாருக்குச் சொன்னானாம். எதிராளி பாய்ந்து வரும்போது அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்கு ஓடி மறிப்பதுதான் அந்த இடத்தில் ஆடுகிறவனின் வேலை என்று பேந்துதான் எனக்கு விளங்கியது. உன் மாமாவுக்கு, அதுதான் அம்மாவின் அண்ணருக்கு, அது இன்றைக்கும் விளங்கவில்லை. குட்மேய்ஸிலிருந்து வந்து, மனோர் பார்க் கோயிலில் அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கச் சொன்னார்: "என்ன மச்சான், மற்றாக்களின்ர பிள்ளையள் முன்னுக்கு வருதுகள். உம்மட பெடியன் பின்னுக்கு ஓடப் பழகுறானாம்?" அவருடைய மகன் அப்போது டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை மகன். மாமாவுக்கும் கலியாணத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன்.

உன் முதல் மட்ச்சுக்கு நான் வேலை செய்கிற பெற்றோல் செட்டிலிருந்து ஷிப்ட் முடிந்த கையோடு, பெயர் குத்திய சேர்ட்டோடு, ஒரு பிளாஸ்க் ரீயோடு வந்தேன். உள்ளே குளிர், வெளியே இருந்ததைவிடக் கூட. காசு கொடுத்துக் குளிருக்குள் போய் இருக்கிற இனத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பஞ்சு மூட்டைக்குக் கால் முளைத்தமாதிரி ஓடித்திரிந்த பெடியங்களுக்குள் உன்னை முதுகு நம்பரைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விசில் ஊதியது. வரிச் சேர்ட் போட்ட நடுவர் உன்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். நீ தனியாகப் போனாய். ஓரத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அதற்கு ஒரு கதவு. கதவைத் திறந்துவிட ஒரு ஆள். நீ உள்ளே போய் இருக்க, அந்த ஆள் மரியாதையாகக் கதவைச் சாத்தினார். எங்கள் ஆட்களின் விழாக்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தனிக் கதிரையில் இருத்தினால் அதற்கு என்ன அர்த்தம்? பிரதம விருந்தினர் என்று அர்த்தம். நான் எழும்பி நின்று கை தட்டினேன். சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்தேன். வெளியே வரும்போது நீ என்னைப் பார்த்து ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினாய். நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.

அந்தப் பெருமையை நான் என்னோடு மட்டும் வைத்திருக்கவில்லை. மனோர் பார்க்கில் எனக்குத் தெரிந்த தமிழர் எல்லாருக்கும் சொன்னேன். "எங்கட பெடியனை ஒவ்வொரு மட்ச்சிலயும் கூப்பிட்டுத் தனிய இருத்துறாங்கள்" என்றேன். "கதவு திறந்துவிடவே ஒராள் நிக்குது" என்று சேர்த்துக்கொண்டேன். ஒரு வருஷம் இப்படிப் போனது. பிறகு மாமா ஒருநாள் தன் மகனிடம் விசாரித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அதே அன்னதான வரிசை. "மச்சான், அது மறியல் அல்லோ!" என்று கத்தினார். "மற்றப் பெடியனை அடிச்சால் கொண்டுபோய் அடைக்கிற மறியல்! அதுக்கோ நீர் கை தட்டினனீர்?" என் கையிலிருந்த வாழையிலைக்குள் சாம்பார் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சோற்றைப் போட்ட பொம்பிளைகூடக் கரண்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் பிள்ளை அடிக்கமாட்டான். அவனுக்குச் சோற்றில் மொய்க்கிற இலையானை அடிக்கவே கை வராது. ஆகவே பிழை நடுவரில். அன்று தொடங்கி இந்த நாட்டிலிருக்கிற வரிச் சேர்ட் போட்ட எல்லாரும் எனக்கு எதிரிகள். நீ அந்தப் பொக்ஸுக்குள் போகும்போதெல்லாம் நான் எழும்பிக் கை தட்டியது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. முதலில் தெரியாமல் தட்டினேன், பிறகு நடுவருக்கு எதிராகத் தட்டினேன். உனக்குப் பதினெட்டு வயதாகி, லண்டனுக்கு வெளியே ஒரு அணி உன்னைச் சம்பளத்துக்கு எடுத்த பிறகும் தட்டினேன். உன் முன்பல் போன அன்றும், மூக்கு உடைந்த அன்றும், அம்மா உன்னுடைய அந்த நாறல் கையுறைகளைப் பின்வளவில் காயப்போட்டு, பக்கத்து வீட்டுக்காரி கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதிய அன்றும் என் பேச்சு ஒன்றுதான்: பெடியன் அப்பாவி, மற்றவன்கள்தான் மிருகங்கள். கனடாவிலிருந்து வந்து உன்னோடு ஆடிய பெரிய ஆட்டக்காரன் ஒருவன் என்னிடம், "உங்கள் மகனைத் தாண்டிப் போவது சரியான கஷ்டம், சேர்" என்று சொன்னபோது, அவன் உன் பின்னோட்டத்தைப் பற்றிச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அந்த மட்ச் நடந்த ஊரின் பெயரை நான் இன்றைக்கும் சொல்வதில்லை. மோட்டர்வேயில் அந்தப் பெயர்ப்பலகை வந்தால் மற்றப் பக்கம் பார்ப்பேன். "றோட்டைப் பாருங்கோ!" என்று அம்மா கத்துவா. கறுப்பு ரப்பர் வட்டு மூலைக்கு ஓடியது. அதை எடுக்க நீ போனாய், முதுகு எங்கள் பக்கம். மார்ட்டின் தூரத்திலிருந்தே வந்தான். வட்டு கிடந்த பக்கம் அவன் பார்க்கவே இல்லை. இடித்த சத்தம் பலகையில் கேட்டது. மற்றச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று அம்மா சொல்லுவா, அவவுக்கும் கேட்டது. நீ எழும்பவில்லை. பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கி ஓடினேன். ஒரு காவலாளி குறுக்கே நின்று, "ஐயா, போய் இருங்கோ" என்றான். அந்த நேரம் மார்ட்டின் பொக்ஸுக்குள் போய் இருந்தான். கதவைச் சாத்தினார்கள். அந்தப் பொக்ஸுக்குக் கதவு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவனை என்னிடமிருந்து காப்பாற்ற.

ஆஸ்பத்திரிக்கு அவன் வரவில்லை. ஒரு பை முந்திரிகைப் பழத்தோடு, அதுதான் கிரேப்ஸோடு, தங்கச்சியை அனுப்பினான். ஹெலன் கட்டில் ஓரத்தில் நின்று, "அண்ணா கீழே காரில் இருக்கிறான். மேலே வர அவனுக்கு முகமில்லை" என்று சொன்னாள். நான் உடனே ஜன்னலுக்குப் போனேன். கீழே நிறையக் கார்கள். எது அவனுடையது என்று தெரியவில்லை, ஆகவே எல்லாவற்றையும் சபித்தேன். வரிசை வரிசையாக, ஒன்றையும் விடாமல். சபித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் நீ கால் தொங்கிக்கொண்டிருக்கிற நிலையில் அவளோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய், பல் இல்லாத இடம் தெரிய. அம்மா அவளுக்கு வடை கொடுத்துக்கொண்டிருக்கிறா. எதிரியைத் தேடுகிற மும்முரத்தில், முதுகுக்குப் பின்னால் சம்பந்தம் முற்றாகியதைக் கவனிக்காத தகப்பன் நான். அந்த முந்திரிகைப் பழத்தில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். (அம்மா இந்த இடத்தில், "சாப்பிட்டவர்" என்று சொல்லுவா. நம்பாதே.)

பிறகு வந்த காலத்தைப் பற்றி நான் பகிடியாக எழுதமாட்டேன். காலுக்குள் இரும்பு வைத்தார்கள். நீ வாளிக்குள் ஐஸ் போட்டு அதற்குள் காலை வைத்துக்கொண்டு ரீ.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ரீ.வி. போட்டிருக்காது. இனிமேல் விளையாட ஏலாது என்று டொக்டர் சொன்னதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாமா கோயிலில், "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். அவர் அண்டைக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னுக்கு ஓடப் பழக்குகிறேன் என்று சனிக்கிழமைகளில் நொண்டி நொண்டிப் போகத் தொடங்கினாய். பிள்ளைகள் உன்னிடம் விழுந்து விழுந்து பழகினார்கள். பிறகு பெரியவர்களுக்குப் பழக்கினாய். பிறகு ஒரு அணிக்கு நீயே கோச். நீ ஓரத்தில் நின்று கத்துகிற சத்தத்தை முதல்முறை கேட்டபோது அம்மா என் கையைப் பிடித்து, "உங்கட சத்தம்" என்றா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் நீ உன் அணிக்கு ஆள் சேர்க்கிறவரைக்கும் நீடித்தது.

ஏனென்றால் நீ முதலில் சேர்த்த ஆள் மார்ட்டின். அவனுடைய பழைய அணி அவனைக் கைவிட்டதாம், நீ கூப்பிட்டாயாம். அதைக் கேட்டு நான் உன்னோடு கதைக்காமல் விட்டேன். சாப்பாட்டையும் விடப் பார்த்தேன். "கோவிச்சுக்கொண்டு இருங்கோ, ஆனா சாப்பிட்டிட்டு இருங்கோ" என்று அம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டா. சாப்பிட்டேன். ஆனால் நீங்கள் பயிற்சி எடுக்கிற இடத்துக்கு ஒருநாள் வந்து பார்த்தபோது என் மனம் கொஞ்சம் ஆறியது. நீ விசில் ஊத ஊத மார்ட்டின் பின்னுக்கு ஓடினான், முன்னுக்கு ஓடினான், விழுந்தான், எழும்பினான், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நான் பிளாஸ்கைத் திறந்து ரீ ஊற்றிக்கொண்டு வசதியாக இருந்தேன். அவன் என் பக்கம் வந்து நின்றபோது, "இன்னும் கொஞ்சம்" என்று உனக்குக் கை காட்டினேன். நீ வந்து, "அப்பா, இது எல்லாருக்கும் குடுக்கிற ட்ரில்தான். அவன் என்ர பெஸ்ட் டிஃபென்ஸ்மன்" என்றாய். என் பிள்ளைக்குப் பழிவாங்கவே தெரியவில்லை, இவனை எப்படி வளர்த்துவிட்டேன் என்று கவலையோடு வீட்டுக்கு வந்தேன். இந்தச் சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கவலையில்தான் இருந்தேன்.

சனிக்கிழமை மோதிரத்துக்கு அளவெடுக்க மார்ட்டினை ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற எங்கள் ஆளின் நகைக்கடைக்குக் கூப்பிட்டிருந்தேன். உன் காலை உடைத்தவனுக்கு நான் பொன்னில் மோதிரம் போடவேண்டும் என்பது இந்த வழக்கத்திலிருக்கிற ஒரு குறை. கால் கழுவிய பிறகுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவன் எனக்கு முதலே வந்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சங்கிலிகளைப் பார்த்தபடி நின்றான். நகைக்கடைக்காரர் அளவு வளையங்களை எடுத்து அவனுடைய வலது கை மோதிர விரலில் போட்டார். போகவில்லை. பெரியதைப் போட்டார். அதுவும் நடுக் கணுவில் நின்றது. அதைவிடப் பெரியது கணுவைத் தாண்டிப் போய், அடியில் சுழன்றுகொண்டிருந்தது. "என்ன ஐயா இது, விரல் கோணி வளைஞ்செல்லோ கிடக்கு?" என்று தமிழில் என்னிடம் கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் மார்ட்டினிடம் கேட்டேன்.

அவன் விரலைத் தூக்கி எனக்கு முன்னால் பிடித்தான். "இது உங்கள் மகன் செய்தது, அங்கிள்" என்றான். "உங்களுக்குத் தெரியும் என்றெல்லோ நினைத்தேன்."

"எப்ப?"

"என் கையை விட்டு ஸ்டிக் விழுந்து கிடந்தது. குனிந்தேன். அவன் தன் ஸ்டிக்கால் ஒன்று போட்டான். நடுவர் பார்க்கவில்லை. உங்கள் மகன் ஒன்றும் தெரியாதமாதிரி என்னைத் தாண்டிப் போனான், நல்ல ஸ்டைலாக."

நகைக்கடைக்காரருக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கேட்டேன், "அப்ப அவன்ர கால்?" மார்ட்டின் சங்கடப்படவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்தான். "அதற்குத்தான் அங்கிள். அடுத்த சீசன் வரைக்கும் காத்திருந்தேன். விழுத்தத்தான் வந்தேன். கால் உடையும் என்று நினைக்கவில்லை." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உடைந்த பிறகுதான் காரை விட்டு இறங்க முடியாமல் போனது" என்றான்.

மகன், எனக்குக் கதிரை தேவைப்பட்டது. நகைக்கடைக்காரர் ஒன்றைத் தள்ளிவிட்டார். தனிக் கதிரை. அதில் இருந்துகொண்டு நான் எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். அந்தக் கனடாக்காரன் சொன்னதை. நீ பொக்ஸிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஸ்டிக்கைத் தூக்கிக் காட்டியதை. வரிச் சேர்ட் போட்ட அந்த மனுசர் எல்லாரையும். அவர்களில் ஒருவரும் பிழை செய்யவில்லை, ஒரேயொருவரைத் தவிர. நீ உண்மையிலேயே ஒருவனுடைய விரலை உடைத்த அன்றைக்கு அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல மனுசன், கண்டால் ரீ வாங்கிக் கொடுக்கவேண்டும். உன் ரெலிபோன் மௌனமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மார்ட்டின் குனிவதைப் பற்றி நீ கவலைப்படவில்லை. கால் கழுவினால் மோதிரம் வரும், மோதிரம் வந்தால் விரல் வரும், விரல் வந்தால் அப்பா பார்ப்பார். நீ ஒளிக்கப் பார்த்தது உன் கைவேலையை.

நான் கோபிப்பேன் என்று பயந்தாயா? மடையா. அன்றைக்கு வீடு வரும்வரைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த பொம்பிளை எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டா. இவ்வளவு காலமும் என் பிள்ளை அடிவாங்கினான், திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை என்று நான் எவ்வளவு வெந்திருப்பேன்! கடைசியில் பார்த்தால் முதல் அடி உன்னுடையது. இலையானை அடிக்கவே கை வராத பிள்ளை. அதைவிட, அந்த மார்ட்டின்! ஒரு சீசன் முழுக்க மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்தவன். கேட்டவுடன் மறைக்காமல் சொன்னவன். உன் அம்மாவின் ஆட்களுக்குள் எத்தனை வருஷமாகத் தேடினேன், இப்படி என் குணத்தில் ஒருவன் கிடைக்கவில்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மன்னித்தால் அவனே என்னை மதிக்கமாட்டான்.

அதனால் தீர்ப்பு இதுதான். கால் கழுவுவது நடக்கும். அம்மா இளஞ்சூட்டில் தண்ணீர் வைக்கப் போகிறாவாம். நான் பெற்றோல் செட்டில் ஐஸ் பை எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறேன், ஐயர் பார்க்காத நேரம் செம்புக்குள் போகும். உன் காலுக்கு ஐஸ் புதிதில்லை. அவன் கைக்கும் புதிதில்லை. இரண்டு பேரும் பழகிய குளிரில் சந்திப்பதுதான் நியாயம். அவன் குனியவேண்டும், அந்தக் கணுக்காலைத் தொடவேண்டும், உள்ளேயிருக்கிற இரும்பு தோலுக்குள்ளால் அவன் விரலில் தட்டுப்படவேண்டும். அவனுடைய ஆட்களும் எங்களுடைய ஆட்களும் பார்க்கவேண்டும். பிறகு உன்னுடைய முறை. நீ உடைத்த அந்த விரலை எல்லாருக்கும் முன்னால் நீயே பிடித்து, அதில் மோதிரத்தைப் போடவேண்டும். "கணுவைத் தாண்டவேணுமெண்டால் கொஞ்சம் பெரிசாச் செய்யவேணும் ஐயா, கழண்டு விழுந்தாலும் விழும்" என்று நகைக்கடைக்காரர் சொன்னார். "விழக்கூடாது. இறுக்கமாச் செய்யுங்கோ, கஷ்டப்பட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லை. வியர்த்து வியர்த்துத் தள்ளப் போகிறவன் நீ.

புத்திமதி சொல்லாமல் தகப்பன் கடிதம் முடிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆகவே இதையும் கேள். ஹெலனோடு சண்டை வந்தால் பின்னுக்கு ஓடு. அதில் உன்னை வெல்ல ஆளில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபடி ஓடு, முதுகைக் காட்டாதே. முதுகைக் காட்டினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், அது அவளுடைய குடும்ப வழக்கம். செய்ததை அவளிடம் ஒளிக்காதே. ஒளித்தது ஒருநாள் நகைக்கடையில் வெளிவரும். இதில் எனக்கு அனுபவம் உண்டு, எழுதமாட்டேன், வாசிக்கப் போவது அம்மா.

மாமாவுக்கு வைத்திருக்கிற ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஹோலில் எல்லாருக்கும் வரிசைக் கதிரை. அவருக்கு மட்டும் தனிக் கதிரை. பக்கச் சுவரோடு, அவசரக் கதவுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில். உன் அணிப் பெடியங்களில் ஒருவனைக் கதவடியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மாமா வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைக் காட்டிக் கூட்டிக்கொண்டுபோய், மரியாதையாக இருத்துவான். மாமா நிமிர்ந்து இருந்து சால்வையைச் சரிசெய்வார். உன் அணி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அது என்ன இடம் என்று தெரியும். மாமாவுக்கு நீ ஒன்றும் சொல்லாதே. நான் ஒரு வருஷம் பெருமையாக இருந்தேன், அவர் ஒரு மத்தியானம் இருக்கட்டும்.

மோதிரம் கணுவைத் தாண்டி இறங்கினதும் ஒருமுறை என் பக்கம் பார். உன் கையில் ஸ்டிக் இருக்காது, ஆகவே தலையை மட்டும் ஆட்டினால் போதும். நான் எழும்பி நின்று கை தட்டுவேன். சுற்றியிருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஐயர் மந்திரத்தை நிறுத்துவார், அம்மா என் சால்வையைப் பிடித்து இழுப்பா. இழுக்கட்டும். இந்த முறை எதற்குத் தட்டுகிறேன் என்று தெரிந்துகொண்டு தட்டுவேன்.